சூப்பர்சார்ஜர் கார்: கூடுதல் பவருக்கு முதலில் எதில் கை வைப்பது?

கம்பெனியிலிருந்தே சூப்பர்சார்ஜரோடு (இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் கருவி) வந்த கார் ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஓட்டிப் பழகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பவர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று மனம் கேட்கிறது. கையிலிருக்கும் பணத்தில் இப்போதைக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும். சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட்டின் சக்கரமான புல்லியைச் சின்னதாக்குவதா, இன்ஜினை ஆளும் கணினியான இசியுவின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவதா, அதாவது ரீமேப் செய்வதா, அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரை மேம்படுத்துவதா, எக்ஸாஸ்டை மாற்றுவதா, எரிபொருளை மாற்றுவதா, சூப்பர்சார்ஜரையே கழற்றிவிட்டு வேறொன்று வைப்பதா?

பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது புல்லிதான். மற்றவற்றோடு ஒப்பிட்டால் செலவு குறைவு, அரை நாளில் மாட்டிவிடலாம், அன்றைக்கே பூஸ்டை, அதாவது திணித்த காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் புது இடத்துக்கு ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நான் அதை மூன்றாவது இடத்தில் வைப்பேன். முதல் பணம் காற்றைக் குளிரவைக்க. அடுத்தது ரீமேப். அப்புறம் புல்லி. அந்த முள் காட்டுவது பவரை அல்ல என்பதுதான் இதற்குக் காரணம். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

டர்போ காரிலிருந்து வருபவர்கள் இங்கே முதலில் ஏமாறுவது ரீமேப் விஷயத்தில். டர்போவைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் வாயு. அங்கே பூஸ்டைக் கட்டுப்படுத்துவது அந்த வாயுவை வேறு வழியில் விடும் வேஸ்ட்கேட் வால்வு, அதைப் பெரும்பாலும் ஆள்வது இசியு. அதனால் சாஃப்ட்வேரை மாற்றினாலே பூஸ்ட் ஏறும், காரின் குணமே மாறிவிடும். சூப்பர்சார்ஜர் அப்படியில்லை. இன்ஜினின் கிராங்க் தண்டு சுற்றுகிறது, பெல்ட் இழுக்கிறது, சூப்பர்சார்ஜர் கூடவே சுற்றுகிறது. எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது இரண்டு புல்லிகளின் விட்டம்தான். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், சூப்பர்சார்ஜர் புல்லி 75 என்றால் இன்ஜின் 6,500 ஆர்பிஎம்மில் இருக்கும்போது சூப்பர்சார்ஜர் 13,000. அந்தச் சின்ன புல்லியை 65 ஆக்கினால் 15,000. எந்த சாஃப்ட்வேராலும் இந்த விகிதத்தைத் தொட முடியாது. ஆடியின் 3.0 டிஎஃப்எஸ்ஐ போன்ற சில இன்ஜின்களில், அழுத்திய காற்றைத் திருப்பி அனுப்பும் பைபாஸ் வால்வை இசியுவே இயக்குகிறது. கம்பெனி ஒதுக்கி வைத்திருக்கும் பூஸ்ட் அங்கே ரீமேப்பில் கிடைக்கும். மற்ற பல கார்களில் ரீமேப் மட்டும் தருவது, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கிலும் எரிபொருளிலும் கம்பெனி விட்டுவைத்த ஓரத்தை மட்டுமே.

அப்படியானால் புல்லிதானே நேரான வழி? கணக்கைப் பார்ப்போம்.

ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (சுழலும் மடல்களால் காற்றை அள்ளித் தள்ளுவது) பொருத்திய 250 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்று 27 டிகிரி. வீண் சூடில்லாமல் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜரின் திறன் 60 சதவீதம், பூஸ்ட் 0.6 பார் (1 பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). இன்டர்கூலர் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. இந்த நிலையில் இன்ஜினுக்குள் நுழையும் காற்று ஏறக்குறைய 99 டிகிரி. அதை அழுத்தவே இன்ஜின் தன் கையிலிருந்து 20 குதிரைத்திறன் அளவுக்குச் செலவழிக்கிறது.

இப்போது மேலே சொன்னபடி புல்லியை 75லிருந்து 65 ஆக்குகிறோம். சுற்று 15 சதவீதம் கூடுகிறது. ரோட்டருக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளியில் கசிவதைக் கழித்தால், இன்ஜினுக்கு 12 சதவீதம் போல அதிகக் காற்று கிடைக்கும். ஆனால் அந்தக் காற்று 150 டிகிரியை நெருங்குகிறது. சூடான காற்று விரியப் பார்க்கும், விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறும். மீட்டர் 1 பார் காட்டுகிறது. 0.6 எங்கே, 1 எங்கே என்று மனம் துள்ளும். உண்மையில் கூடியது 12 சதவீதக் காற்றுதான், மீதியெல்லாம் வெப்பம். சூப்பர்சார்ஜரைச் சுற்ற ஆகும் செலவோ 20லிருந்து 36 குதிரைத்திறன் பக்கம் போய்விட்டது. அந்த வெப்பத்தில் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வராமலிருக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க, கிடைத்த 12 சதவீதமும் கரைகிறது.

அடுத்து, புல்லியைத் தொடாமல் நல்ல இன்டர்கூலர் வைத்து காற்றை 50 டிகிரிக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். ரூட்ஸ் வகை ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு காற்று என்று எண்ணி எண்ணித் தள்ளும் கருவி. அதனால் உள்ளே போகும் காற்றின் எடை கிட்டத்தட்ட மாறாது. குளிர்ந்த காற்று சுருங்குவதால் அழுத்தம் குறையும். மீட்டர் 0.6லிருந்து 0.4க்கு இறங்கிவிடும். பணம் செலவழித்து பூஸ்டை இழந்துவிட்டோமே என்று வயிற்றைக் கலக்கும் இடம் இதுதான். ஆனால் உள்ளே போகும் காற்று அதேதான். அழுத்தம் குறைந்ததால் சூப்பர்சார்ஜர் விழுங்குவது 20லிருந்து 14க்கு இறங்கியிருக்கிறது. காற்று 50 டிகிரி குளிர்ந்துவிட்டதால் டைமிங்கை முன்னுக்குத் தள்ள இடம் கிடைத்திருக்கிறது.

இதற்கு மேல் அதே 65 மில்லிமீட்டர் புல்லியைப் போடுங்கள். மீட்டர் திரும்பவும் 0.6 பார் காட்டும். ஆரம்பித்த அதே இடம். ஆனால் இன்ஜினுக்குள் போகும் காற்று 14 சதவீதம் அதிகம், அதன் சூடு 99க்குப் பதிலாக 55 டிகிரி, சூப்பர்சார்ஜரின் செலவு, புல்லி மட்டும் போட்டபோது ஆன 36க்குப் பதிலாக 25 குதிரைத்திறன். புல்லி அதே புல்லிதான். குளிர வைத்த பிறகு போட்டதால் அதன் பலன் முழுதாகக் கைக்கு வருகிறது.

இவை காகிதக் கணக்கு, ஒவ்வொரு இன்ஜினிலும் எண்கள் கொஞ்சம் நகரும். ஆனால் போகும் திசை மாறாது. ஒரே பூஸ்டில் இரண்டு வெவ்வேறு இன்ஜின்கள் இருக்க முடியும் என்பதை நான் நம்பியது இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இது தெரிந்ததே. 2015 மாடலாக வந்த டாட்ஜ் ஹெல்கேட்டின் 6.2 லிட்டர் வி8, 2.4 லிட்டர் ட்வின்-ஸ்க்ரூ சூப்பர்சார்ஜரோடு 707 குதிரைத்திறன் தந்தது. முழு வேகத்தில் அந்த சூப்பர்சார்ஜரைச் சுற்ற மட்டும் 80 குதிரைத்திறன் போகிறது என்று கம்பெனியே சொன்னது. ஒரு சின்னக் காரின் மொத்தப் பவர் அது. பிறகு 2018 மாடலாக அதைவிட வலுவான டீமன் வந்தபோது சூப்பர்சார்ஜரைப் பெரிதாக்கி பூஸ்டை ஏற்றியதோடு நிற்கவில்லை. காரின் ஏசி வாயுவைத் திருப்பிவிட்டு இன்டர்கூலர் தண்ணீரைக் குளிரவைத்தார்கள். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேனும் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடும் செய்தார்கள். ஓட்டுபவரைக் குளிர்விக்க வைத்த ஏசியை எடுத்து இன்ஜின் காற்றுக்குக் கொடுத்தார்கள் என்றால், அந்தக் காற்றின் சூடு அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாகப் பட்டிருக்க வேண்டும்!

என் சொந்த அனுபவம் ஒன்று. வெயில் காலத்தில் என் கார் சோர்ந்துபோனது. முதல் முடுக்கலில் நன்றாக இழுக்கும். இரண்டாவதில் தயங்கும். மூன்றாவதில் சூப்பர்சார்ஜரே இல்லாத கார் போல ஆகிவிடும். ஒரு பட்டறையில் காட்டியபோது பெல்ட்டையும் புல்லியையும் மாற்றச் சொன்னார்கள். முடிவெடுப்பதற்கு முன் லாக், அதாவது இசியு பதிவு செய்யும் எண்களை எடுத்துப் பார்த்தேன். உள்ளே வரும் காற்று 78 டிகிரி, டைமிங் வழக்கத்தை விட 7 டிகிரி பின்னால். இன்டர்கூலர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, சாவியைப் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் குளம் போல அசையாமல் நின்றது. பம்ப் ஓடினால் அதில் ஒரு சுழல் தெரிய வேண்டும். ஹோஸ் மேல் கை வைத்தால் லேசான அதிர்வு விரலில் தட்டுப்பட வேண்டும். இரண்டும் இல்லை. கைக்குள் அடங்கும் ஒரு மின் பம்ப் எப்போதோ உயிரை விட்டிருக்கிறது. அதை மாற்றி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றியதும் கார் பழையபடி ஆனது. அன்றைக்குச் சின்ன புல்லி போட்டிருந்தால், செத்த இன்டர்கூலரின் மேல் இன்னும் சூட்டைக் கொட்டியிருப்பேன். பிஸ்டன் தப்பியிருக்குமா என்பது சந்தேகம்.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். எல்லா சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பைபாஸ் வால்வு முழுதாக மூடுகிறதா, அதன் வேக்குவம் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அது கொஞ்சம் திறந்தே இருந்தால் அழுத்திய காற்று சுற்றிச் சுற்றி வந்து சூடாகிக்கொண்டே இருக்கும். ஈட்டன் நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர்களில் கியருக்கென்று தனியாகக் கொஞ்சம் ஆயில் இருக்கிறது. அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ் காரில் தண்ணீர் பம்பே சூப்பர்சார்ஜரின் பின்பக்கத்திலிருந்துதான் இயங்குகிறது. அந்தக் கியரில் ஆயில் வற்றினால் சூப்பர்சார்ஜரோடு சேர்ந்து இன்ஜினின் குளிர்ச்சியும் போகும்.

சரி, குளிரவைப்பதிலேயே பல வழிகள் உண்டு. காற்றால் குளிரும் இன்டர்கூலர் எளிமையானது, பழுதாக அதிகம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குக் காற்றோட்டம் வேண்டும். மினி கூப்பர் எஸ் காரில் அது இன்ஜினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பதால் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சூட்டையெல்லாம் குடித்துவிடும். தண்ணீரால் குளிரும் வகையில் தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு பெரிய பலம், சில வினாடி முடுக்கலை அது அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் ஏறிய சூட்டை வெளியேற்ற முன்னால் இருக்கும் ரேடியேட்டர் போதுமானதாக இருக்க வேண்டும். இந்த வகை காரில் இன்டர்கூலரின் உள் பாகத்தை மாற்றுவதை விட, முன்பக்க ரேடியேட்டரைப் பெரிதாக்கி, நல்ல பம்ப் போட்டு, தண்ணீரின் அளவைக் கூட்டுவது பல நேரம் அதிகப் பலன் தரும், வேலையும் சுலபம். சாலையில் ஒரு தடவை முந்திச் செல்பவருக்குத் தொட்டி பெரிதானாலே போதும். ரேஸ் டிராக்கில் 20 நிமிடம் ஓட்டுபவருக்கு ரேடியேட்டர்தான் முக்கியம்.

தண்ணீரும் மெத்தனாலும் கலந்து உள்ளே தெளிக்கும் முறையும் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலவை, அழுத்தமான பம்ப், மெல்லிய நாசில். ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், மெத்தனால் நாக்கிங்கையும் தடுக்கும். செலவைப் பார்த்தால் இது கொடுக்கும் பலன் பெரிது. ஆனால் தெளிப்பு இருப்பதை நம்பி டைமிங்கை ஏற்றியிருந்தால், தொட்டி காலியான அன்று அல்லது நாசில் அடைத்த அன்று இன்ஜின் காப்பாற்ற ஆளில்லாமல் நிற்கும். தெளிப்பு நின்றதும் தானாகவே பூஸ்டையும் டைமிங்கையும் குறைக்கும் பாதுகாப்பு இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. எனக்கு இது நல்ல இன்டர்கூலருக்கு மேல் வைக்கும் கூடுதல் உதவி. இன்டர்கூலருக்குப் பதில் அல்ல.

குளிர்ச்சிக்கு அடுத்து ரீமேப். காற்று குளிர்ந்தவுடனேயே இசியு சிறிதளவு தானாகப் பலனைக் கொடுக்கும். காற்றின் சூட்டுக்காக அது பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த டைமிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேப்பைத் திறக்க வேண்டும். தயார் ஃபைலா, உங்கள் காரை பவர் அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி எழுதும் மேப்பா என்பது அடுத்த கேள்வி.

காரில் ஒன்றையும் மாற்றவில்லை என்றால் பல கார்களில் சோதித்த தயார் ஃபைல் நியாயமான தேர்வுதான். அது பொதுவாகக் கொஞ்சம் பாதுகாப்பாகவே எழுதப்பட்டிருக்கும். ஆனால் இன்டர்கூலரோ புல்லியோ எக்ஸாஸ்டோ மாறியிருந்தால், அந்த ஃபைலை எழுதியவருக்கு உங்கள் இன்ஜினைத் தெரியாது. டைனோவில் எழுதுபவர் காற்று-எரிபொருள் கலவையின் அளவான லாம்டாவைப் பார்ப்பார் (1க்குக் கீழே என்றால் எரிபொருள் அதிகம்). முழு முடுக்கலில் சூப்பர்சார்ஜர் இன்ஜின்கள் பொதுவாக 0.78லிருந்து 0.85க்குள் ஓடுகின்றன. நாக்கிங்கைக் காதில் கேட்டு, டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுவார். பவர் கூடுவது நின்ற இடத்தில் அவரும் நிற்பார். நாக்கிங் வரும் இடம்வரை போவது டியூனிங் அல்ல. நல்ல பெட்ரோலும் குளிர்ந்த காற்றும் இருந்தால் நாக்கிங் வருவதற்கு முன்பே பவர் வளைவு தட்டையாகிவிடும். அந்த இடைவெளிதான் இன்ஜினின் ஆயுள்.

டைனோவில் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். ஒரே ஒரு ஓட்டத்தின் தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள். இடைவெளி விடாமல் மூன்று ஓட்டம் ஓடச் சொல்லி மூன்று வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். குளிர்ச்சி சரியாக இருந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு போகும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது வளைவுகள் மேல் ஆர்பிஎம்மில் விசிறி மாதிரி விரிந்து கீழே சரியும். நீங்கள் தினமும் ஓட்டப்போவது அந்த மூன்றாவது வளைவைத்தான்.

பிக்கிபேக் பெட்டிகளைப் பற்றி ஒரு வரி: சென்சார் சொல்வதை மாற்றிச் சொல்லி இசியுவை ஏமாற்றும் வழி சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு எனக்குப் பிடிக்கவில்லை, இசியுவை நேராக எழுத வழியே இல்லாத காரில் தவிர.

இப்போது புல்லி. குளிர்ச்சியும் மேப்பும் கையில் இருக்கும்போது இதைப் போல மகிழ்ச்சி தரும் மாற்றம் வேறில்லை. ஆக்சிலேட்டரை மிதித்த உடனே, கீழ் ஆர்பிஎம்மிலேயே கார் முன்னால் பாயும். ஆனால் போடுவதற்கு முன் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கேளுங்கள். லாக்கில் இன்ஜெக்டரின் டியூட்டி சைக்கிள் என்று, அது எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு எண் இருக்கும். இப்போதே அது 80 சதவீதம் என்றால், 15 சதவீதக் கூடுதல் காற்றுக்கு 92 ஆகும். 85க்கு மேல் போனால் கைவசம் இடமில்லை என்று அர்த்தம். காற்று கூடி எரிபொருள் கூடாவிட்டால் கலவை மெலியும். மெலிந்த கலவையும் அதிக பூஸ்டும் சேர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழ சில வினாடி போதும். ஏர்ஃப்ளோ சென்சாரும் அழுத்த சென்சாரும் புதிய அளவைப் படிக்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு சின்னது? மினி கூப்பர் எஸ்ஸில் 15 சதவீதம் குறைந்த புல்லி மிகப் பரவலானது. அதற்கு மேல் 17, 19 என்று கிடைக்கிறது. அந்தக் கடைசிச் சில சதவீதங்களுக்கு ஆசைப்படாதீர்கள். சூப்பர்சார்ஜருக்கு அதைச் செய்தவர்கள் சொன்ன அதிகபட்ச சுற்று ஒன்று உண்டு. இன்ஜினின் அதிகபட்ச ஆர்பிஎம்மான ரெட்லைனில் அதைத் தாண்டினால் பேரிங்கும் திறனும் ஒன்றாக விழும். உங்கள் ரெட்லைனை எடுத்து, இரண்டு புல்லி விட்டங்களை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

சின்ன புல்லியின் இன்னொரு சிக்கல் பெல்ட் வழுக்கல். விட்டம் குறையும்போது பெல்ட் பிடிக்கும் பரப்பும் குறைகிறது. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட் ஏறாமல் சமமாக நின்றாலோ இறங்கினாலோ வழுக்கலைச் சந்தேகிக்கலாம். புல்லியைச் சுற்றி மை தூவியது போல நுண்ணிய கறுப்புத் தூள் படிந்திருக்கும். பெல்ட்டின் ஓரத்தைத் தொட்டால் கண்ணாடி போல வழவழக்கும். இதற்காகவே சிலர் மேலே சின்னதாக்காமல் கீழே கிராங்க் புல்லியைப் பெரிதாக்குகிறார்கள். விகிதம் அதேதான், பிடிப்போ நன்றாகிறது. ஆனால் அதே பெல்ட்டில் ஆல்டர்னேட்டரும் மற்றவையும் இருந்தால் அவையும் வேகமாகச் சுற்றும். அதோடு, கிராங்க் புல்லி வெறும் சக்கரம் அல்ல. பல இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வை அடக்கும் ரப்பர் டேம்பர் அதற்குள்ளேதான் இருக்கிறது. டேம்பர் இல்லாத கெட்டி அலுமினியப் புல்லியை இலேசாக இருக்கிறது என்று மாட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். டேம்பரோடு வரும் பெரிய கிராங்க் புல்லி கிடைத்தால் அதுவே இரண்டில் மேல்.

எக்ஸாஸ்ட் இங்கே எப்படி நடந்துகொள்கிறது என்பது பலரைக் குழப்புகிறது. எக்ஸாஸ்டைத் தாராளமாக்கினால் ரூட்ஸ் பொருத்திய இன்ஜினில் பூஸ்ட் குறையும். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பதறுவார்கள். சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றின் அளவு மாறவில்லை, இன்ஜின் அதை எளிதாக விழுங்க ஆரம்பித்துவிட்டது. பூஸ்ட் மீட்டர் காட்டுவது உள்ளே போக முடியாமல் வாசலில் காத்து நிற்கும் கூட்டத்தை. கதவு அகலமானால் கூட்டம் குறையும். சூடும் குறையும், சூப்பர்சார்ஜரின் சுமையும் குறையும். எக்ஸாஸ்ட் மட்டும் போட்டுப் பெரிய பவரை எதிர்பார்க்க வேண்டாம், சத்தத்தில் தெரியும் மாற்றம் டைனோவில் அவ்வளவாகத் தெரியாது. புல்லி போட்ட பிறகு, அதன் வெப்பத்தைச் சமாளிக்கும் துணையாக இது நல்லது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது மட்டும் வேண்டாம். புகை விதிகள் ஒரு பக்கம், தரமான அதிகக் கொள்ளளவு கன்வெர்ட்டரால் இழக்கும் பவர் மிகக் குறைவு என்பது மறுபக்கம்.

எரிபொருளில் பெரிய பாய்ச்சல் எத்தனால். 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ85க்கு நாக்கிங்கைத் தாங்கும் திறன் பெட்ரோலை விட வெகுவாக அதிகம். ஆவியாகும்போது அது இழுத்துக்கொள்ளும் வெப்பமும் பெட்ரோலைப் போல இரு மடங்குக்குக் குறையாது. உள்ளே நுழைந்த பிறகும் காற்றைக் குளிரவைக்கும் எரிபொருள் அது. டைமிங்கில் கைவைக்க இவ்வளவு தாராளம் வேறெதுவும் தராது. விலை என்னவென்றால் 30 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் எரிபொருள் ஓட்டம். 70 சதவீதத்தில் இருந்த இன்ஜெக்டர் 91க்குப் போகும். ஆகவே இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் சேர்ந்த செலவாகவே இதைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் எத்தனால் அளவு ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால் அதை அளக்கும் சென்சாரும் தேவை. நீங்கள் இருக்கும் இடத்தில் இ85 எப்போதும் கிடைக்கும் என்றால் புல்லிக்கு முன்பே இதை யோசிக்கலாம். கிடைக்காத இடத்தில் யோசிக்கவே வேண்டாம். உயர் ஆக்டேன் பெட்ரோல் இதில் சின்னத் தம்பி: அதற்கேற்ற மேப் இருந்தால் மட்டும் பலன். டீமனே பங்கில் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோலில் 808, ரேஸ் எரிபொருளில் 840 என்று இரண்டு எண்களோடுதான் வந்தது.

கடைசி வழி, சூப்பர்சார்ஜரையே மாற்றுவது. ரூட்ஸ் கருவியை ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்றது காருக்காக அல்ல, உலைக்குக் காற்று ஊதுவதற்கு அது நன்றாகப் பயன்பட்டது. அது காற்றைத் தனக்குள் அழுத்துவதில்லை, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அள்ளிக் கொட்டும். அழுத்தம் வெளியே, இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில்தான் உருவாகிறது. குறைந்த பூஸ்டில் இது பரவாயில்லை, பூஸ்ட் ஏறினால் வெப்பம் தாறுமாறாக ஏறும். நான்கு மடல் கொண்ட ஈட்டன் டிவிஎஸ் இதையே வெகுவாகத் திருத்தி 70 சதவீதத்தைத் தாண்டும் திறனுக்குக் கொண்டுவந்தது. ட்வின்-ஸ்க்ரூ தனக்குள்ளேயே அழுத்துவதால் அதிக பூஸ்டில் குளிர்ச்சியாக இருக்கிறது. சென்ட்ரிஃபியூகல் வகை முற்றிலும் வேறு ஆள். காற்றை வெளிப்புறமாக வீசும் அதன் இம்பெல்லர் சக்கரம் 50,000 சுற்றுக்கு மேலும் சுற்றும், அழுத்தம் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 15 சதவீத வேகம் கூட்டினால் பூஸ்ட் மூன்றில் ஒரு பங்கு கூடும், ஆனால் அது தெரிவது ரெட்லைன் பக்கம்தான். அங்கே அழுத்தத்தை வேகம் நிர்ணயிப்பதால், குளிரவைத்தால் காற்றின் எடை நேராகவே கூடுகிறது. மேலே போட்ட கணக்கை அந்த வகைக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

பழைய மூன்று மடல் ரூட்ஸ் வைத்திருப்பவர், புல்லியின் எல்லையைத் தொட்டும் போதவில்லை என்றால், இன்னும் சின்ன புல்லிக்குப் போவதை விட, பெரிய கொள்ளளவுள்ள புதிய சூப்பர்சார்ஜரை மெதுவாகச் சுற்றவிடுவது நல்லது. அதே காற்று, குறைந்த சுற்று, குறைந்த சூடு. ஆனால் இந்த இடத்துக்கு வரும்போது கிளட்ச், கியர்பாக்ஸ், கனெக்டிங் ராட், பிரேக் எல்லாம் கூடவே கேள்வி கேட்கும். அவற்றுக்கும் பணம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஆளுக்கு ஆள் முடிவு மாறும். அன்றாடம் ஓட்டும் காருக்குக் குளிர்ச்சியும் டைனோவில் எழுதிய மேப்பும் போதும், அங்கேயே நின்றுவிடலாம். கால் மைல் நேர் ஓட்டம் மட்டும்தான் ஆசை என்றால் வரிசையை மாற்றலாம். முடுக்கல் 15 வினாடிக்குள் முடிந்துவிடும், நடுவில் ஆற நேரமிருக்கிறது. தொட்டியில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் அன்றைய குளிர்ச்சி வேலை முடிந்தது, புல்லியும் எத்தனாலும் முன்னால் வரலாம். ரேஸ் டிராக் ஆட்களுக்கு நான் புல்லியையே தள்ளிப்போடச் சொல்வேன். முன்பக்க ரேடியேட்டர், இன்ஜின் ஆயில் கூலர், நல்ல மேப். ஐந்தாவது சுற்றிலும் முதல் சுற்றின் பவர் இருக்கும் கார், முதல் சுற்றில் மட்டும் பறக்கும் காரை முந்திவிடும்.

எதைச் செய்தாலும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் பகுதி இளம் பழுப்பாகவோ வெளுத்தோ, ஆனால் சுத்தமாக இருந்தால் சரி. மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. அவற்றுக்கு நடுவே வெள்ளி நிறத்தில் மின்னும் நுண்ணிய மணிகள் தெரிந்தால், அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். காரை நிறுத்திவிட்டு மேப்பை எழுதியவரைக் கூப்பிடுங்கள், அவர் பார்க்கும்வரை சாவியைப் போட வேண்டாம்.